பிள்ளை நேவிக்குப் போகிறேன் என்கிறான்: எல்லையோர வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேரள, ஆந்திர எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து சில மாதங்களாக ஒரே விஷயத்தைப் பற்றிக் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. பிளஸ் டூ முடித்ததும் கடற்படை அதிகாரிப் பயிற்சிக்குப் போகத் துடிக்கும் பிள்ளைகள், என்ன செய்து கொடுப்பது என்று புரியாத பெற்றோர். பயிற்சி நடக்கும் இந்தியக் கடற்படை அகாதமி கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், எழிமலையில் இருக்கிறது. சங்கப் பாடல்களில் நன்னனுக்குரியதாக வரும் ஏழில் மலைதான் அது. எல்லோருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளுக்கு இங்கே பதில்.

என் மகன் தமிழ் மீடியத்தில் படித்து, இப்போது கேரள போர்டில் பிளஸ் ஒன் சயன்ஸ் சேர்ந்திருக்கிறான். கடற்படை அதிகாரியாகத்தான் ஆவேன் என்கிறான். எனக்குத் தென்னந்தோப்பைத் தவிர ஒன்றும் தெரியாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?
– ஒரு தந்தை, கொழிஞ்சாம்பாறை

பிளஸ் டூ முடித்த கையோடு அதிகாரியாகச் சேர இரண்டு வாசல்கள் இருக்கின்றன.

முதலாவது, யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்தும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாதமி) தேர்வு. கணிதம் 300 மார்க், பொதுத்திறன் 600 மார்க், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம். தப்பான விடைக்கு, அந்தக் கேள்வியின் மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு கழியும். எழுத்தில் தேறினால் எஸ்.எஸ்.பி. என்னும் தேர்வு வாரியத்தின் நேர்முகச் சோதனைகள், அதற்கு 900 மார்க். கடற்படைக்குத் தேர்வானவர்கள் புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள என்.டி.ஏ.வில் 3 வருடம், பிறகு எழிமலையில் 1 வருடம் இருப்பார்கள். இதே தேர்வு வழியாக நேரே எழிமலைக்குப் போய் 4 வருடம் பி.டெக். படிக்கும் இடங்களும் கொஞ்சம் உண்டு.

இரண்டாவது, '10+2 பி.டெக். கேடட்' சேர்க்கை. இதற்கென்று தனி எழுத்துத் தேர்வு கிடையாது. எஞ்சினியரிங்குக்கான தேசிய நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயினில் வாங்கிய அகில இந்திய ரேங்கைப் பார்த்து எஸ்.எஸ்.பி.க்குக் கூப்பிடுவார்கள். நம் பக்கத்தில் ரொம்பப் பேர் கோட்டை விடுவது இதில்தான். "எஞ்சினியரிங்குக்குக் கீம் (கேரள நுழைவுத் தேர்வு) எழுதினால் போதாதா" என்று ஜே.இ.இ. பக்கமே போவதில்லை. ரேங்க் இல்லாவிட்டால் இந்த வாசல் திறக்காது.

மார்க் கணக்கையும் இப்போதே போட்டு வையுங்கள். பி.டெக். சேர்க்கைக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் சேர்த்து 70 சதவீதம் வேண்டும். ஆங்கிலத்தில் பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ 50 சதவீதம். கேரள போர்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டும் சேர்ந்து பாடத்துக்கு 200 மார்க். மூன்று பாடத்துக்கு 600, அதில் 420 எடுக்க வேண்டும். இந்த வருடம் 300க்கு 170 வாங்கிவிட்டு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அடுத்த வருடம் 250 எடுத்தாக வேண்டும். பையன் பிளஸ் ஒன்னில் சறுக்கினால் இம்ப்ரூவ்மென்ட் எழுத வையுங்கள். தமிழ்நாட்டு போர்டில் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் மட்டும்தான்: 300க்கு 210. என்.டி.ஏ. தேர்வுக்கு இந்த 70 சதவீத நிபந்தனை இல்லை. மூன்று பாடத்தையும் படித்துத் தேறியிருக்க வேண்டும், அவ்வளவே.

வயது என்.டி.ஏ.க்குப் பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில், பி.டெக். சேர்க்கைக்குப் பதினேழுக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில். கணக்குப் பார்த்தால் சில வாய்ப்புகள்தான் கிடைக்கும். தமிழ் மீடியம் என்று தயங்க வேண்டாம், ஆனால் எஸ்.எஸ்.பி.யும் பாடமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். இலக்கணப் புத்தகத்தைவிட, தினம் 20 நிமிடம் ஆங்கிலப் பேப்பரைச் சத்தமாக வாசித்து, வாசித்ததை ஐந்து வாக்கியத்தில் திருப்பிச் சொல்ல வைப்பது வேலை செய்யும். கேட்பவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தயங்காமல் பேசுகிறானா என்று கவனித்தால் போதும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு நாள் ஒதுக்கிக் கண் டாக்டரிடம் போய் வாருங்கள். காரணம் அடுத்த பதிலில்.

பையனுக்கு லேசாகக் கண்ணாடி பவர் இருக்கிறது. லேசர் செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். செய்துவிடலாமா?
– ஒரு தாய், பாறசாலை

கூடாது. 20 வயதுக்கு முன் லேசிக் மாதிரியான அறுவை சிகிச்சை செய்திருந்தால் கடற்படை மருத்துவக் குழு ஏற்காது. உங்கள் மகன் போக நினைக்கும் சேர்க்கையோ பத்தொன்பதரையில் முடிந்துவிடுகிறது. லேசான பவரோடு போனால் தகுதிக்குள் வரும் வாய்ப்பாவது இருக்கும். லேசர் செய்து போனால் அதுவும் இல்லை. மறைக்கவும் முடியாது; கருவிழியின் கனத்தையும் வளைவையும் அளக்கும்போது தெரிந்துவிடும்.

டாக்டரிடம் "கண்ணாடி எழுதிக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். நான்கு விஷயத்தைத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்: கண்ணாடி இல்லாமல் ஒவ்வொரு கண்ணுக்கும் பார்வை, கண்ணாடியோடு பார்வை, சொட்டு மருந்து விட்டுப் பார்த்தபின் சரியான பவர், நிறப் பார்வை. அந்தத் தாளை அந்த வருட அறிவிப்பின் மருத்துவப் பகுதியோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். வளரும் வயதில் கிட்டப்பார்வை ஏறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள், தினமும் வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் விளையாட விடுங்கள்.

நான்காவதுதான் முக்கியம். புள்ளிப் புள்ளியான வட்டத்துக்குள் எண்ணைப் படிக்கச் சொல்லும் இஷிஹாரா புத்தகச் சோதனை, ஐந்து நிமிட வேலை. இரவில் எதிரே வரும் கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை. அதை மாற்றிப் பார்ப்பவரைக் கப்பலைச் செலுத்தும் மேடையான பிரிட்ஜில் நிறுத்த முடியாது. சிவப்பு–பச்சைக் குறைபாடு பிறவியில் வருவது, மருந்தோ கண்ணாடியோ சரி செய்யாது. தாய்மாமனுக்கு அது இருந்தால் மருமகனுக்கும் இருக்கலாம். கோச்சிங்குக்கு நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கட்டியபின் இதைக் கண்டுபிடிக்கும் குடும்பங்கள் உண்டு.

மற்றவை சின்னச் சின்னது. காதில் அழுக்கு அடைத்திருப்பது, சொத்தைப் பல், மூக்குத் தண்டு வளைவு, மூலம், காலில் நரம்பு புடைப்பு, அதிக எடை. ஆறு மாதம் முன்னால் பார்த்தால் சரி செய்யக்கூடியவையே அதிகம். கோயில் கொடையில் பச்சை குத்திக்கொள்ளும் ஆசை வந்தால் தடுத்து விடுங்கள். முழங்கைக்குக் கீழே உட்பக்கமும் புறங்கையும் தவிர மற்ற இடத்தில் நிரந்தரமாகக் குத்தியிருந்தால் தகுதி போகும். மருத்துவக் குழு தகுதியில்லை என்று சொன்னாலும் அப்பீல் உண்டு. 42 நாளுக்குள் போக வேண்டும், அதற்குள் சிகிச்சை முடிந்து புண்ணும் ஆறியிருக்க வேண்டும். கடைசி வாரத்தில் ஆபரேஷன் செய்துகொண்டு தையலோடு போனால் திருப்பித்தான் அனுப்புவார்கள்.

நகரியில் விசைத்தறி ஓட்டுகிறேன். "நேவியில் சீட் இருக்கு, 5 லட்சம் ஆகும், பாதி இப்போ" என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். அடையாள அட்டை எல்லாம் காட்டுகிறார். நம்பலாமா?
– ஒரு தந்தை, நகரி

கையிலிருக்கும் பணத்தைப் பத்திரமாக வையுங்கள். இந்தியக் கடற்படையில் விலைக்குச் சீட் இல்லை. என்.டி.ஏ. விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் அதுவும் இல்லை. விண்ணப்பம் எல்லாம் யு.பி.எஸ்.சி., கடற்படை இணையதளங்களில் நேராகப் போடுவது.

அவர் சொல்லும் 'நேவி' அநேகமாக மெர்ச்சன்ட் நேவியாக இருக்கும். அது சரக்குக் கப்பல் வேலை. சீருடை வெள்ளையாக இருப்பதால் ஆட்கள் குழம்புகிறார்கள். நல்ல தொழில்தான், ஆனால் அதற்கும் முறை இருக்கிறது. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நடத்தும் ஐ.எம்.யு. பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் அங்கீகரித்த நிறுவனத்தில் படிக்க வேண்டும். நிறுவனத்தின் பெயர் அந்த இயக்குநரகத்தின் பட்டியலில் இல்லையென்றால், அங்கே வாங்கும் சான்றிதழை வைத்துக் கப்பல் ஏற முடியாது. ஏஜென்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நிறுவனத்தின் பெயரை எழுதிக் கொடுங்க, பட்டியலில் பார்த்துட்டு வர்றேன்." பிறகு அவரே போன் எடுக்க மாட்டார்.

வீட்டில் தமிழ் பேசுகிறோம், மகள் ஆந்திர போர்டில் இன்டர் படிக்கிறாள். பெண்களை எடுக்கிறார்களா? அவள் பெயர் ஒவ்வொரு காகிதத்தில் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. பரவாயில்லையா?
– ஒரு தந்தை, குப்பம்

எடுக்கிறார்கள். கடற்படையில் பெண் அதிகாரிகள் 1992 முதல் இருக்கிறார்கள். என்.டி.ஏ.யில் முதல் பெண்கள் அணி 2022இல் சேர்ந்து 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தது. 10+2 பி.டெக். சேர்க்கையும் இப்போது பெண்களுக்குத் திறந்திருக்கிறது. உயரம் 152 செ.மீ. இருக்க வேண்டும், ஆண்களுக்கு 157. ஆந்திர இன்டரில் (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகள்) இரண்டு வருட மார்க்கும் சேர்த்துத்தான் கணக்கு, முதல் வருடத்தை விட்டுவிடக் கூடாது.

பெயர் விஷயம்தான் எல்லையோரக் குடும்பங்களுக்குப் பெரிய தலைவலி. தமிழர்களுக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்து இனிஷியல். ஆந்திரப் பள்ளியில் இன்டி பேரு, அதாவது குடும்பப் பெயர் கேட்பார்கள். இல்லை என்றால் அப்பா பெயரையோ ஊர் பெயரையோ முன்னால் போட்டுவிடுவார்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால் போகும். வங்கியில் இனிஷியலே இருக்காது. ஒரே பெண், நான்கு பெயர்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் தாய்க் காகிதமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதிக்கு யு.பி.எஸ்.சி. அதைத்தான் ஏற்கும். ஜே.இ.இ. விண்ணப்பத்திலும் என்.டி.ஏ. விண்ணப்பத்திலும் எழுத்துக்கு எழுத்து, இடைவெளி உட்பட, அதில் உள்ளபடியே நிரப்புங்கள். ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கேற்ப மாற்றுங்கள். ஆதார் மையத்தில் அது சுலபமான வேலை. தலைகீழாக, ஆதாருக்கு ஏற்பப் பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் திருத்தப் போனால் பள்ளி, போர்டு, அரசிதழ் என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும். சான்றிதழிலேயே பிழை இருந்தால் மட்டும் அந்த வேலையை இன்டர் முதல் வருடத்திலேயே தொடங்குங்கள்.

போலீஸ் சரிபார்ப்புப் படிவத்தில் கடந்த 5 வருடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்த ஊர்கள் கேட்கப்படும். பாட்டி வீட்டில் கிருஷ்ணகிரியில் தங்கிப் படித்தாள் என்றால் அதையும் எழுதுங்கள். இரண்டு மாநில ஸ்டேஷனுக்கும் தாள் போகும், கொஞ்சம் தாமதமாகும். மறைத்தால் அதுவே குற்றமாகிவிடும்.

இன்னொன்று. பன்னிரண்டாவது முடித்த ஜூன்–ஜூலையில் பி.டெக். சேர்க்கைக்கு விண்ணப்பித்தால் பயிற்சி ஜனவரியில்தான் தொடங்கும். இடையில் பிள்ளையை ஊரில் ஏதாவது கல்லூரியில் சேர்ப்போம். அங்கே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, டிசம்பரில் கேட்டால் நான்கு வருடப் பணத்தையும் கட்டு என்பார்கள். அசலை வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018லேயே சொல்லிவிட்டது. சேர்க்கும் அன்றே சரிபார்த்துத் திருப்பி வாங்குங்கள். எஸ்.எஸ்.பி.க்கு அசல் இல்லாமல் போக முடியாது.

அமெரிக்காவில் என் தங்கை மகன் சாதாரணக் கல்லூரியில் படித்துக்கொண்டே கடற்படைப் பயிற்சியும் எடுக்கிறான், கல்லூரிக் கட்டணம் அரசே கட்டுகிறது. இங்கே என்.சி.சி. நேவல் விங் அதே மாதிரிதானா?
– ஒரு வாசகர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

இல்லை. உங்கள் தங்கை மகன் இருப்பது என்.ஆர்.ஓ.டி.சி., அமெரிக்கக் கல்லூரிகளில் நடக்கும் கடற்படை அதிகாரிப் பயிற்சி. 1926இல் ஆறு பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம். உதவித்தொகை கிடைத்தவருக்குக் கல்விக் கட்டணத்தை அந்நாட்டுக் கடற்படை கட்டும், தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் பெரும்பாலும் குடும்பத்தின் தலையில். பட்டத்தோடு அதிகாரிப் பொறுப்பும் வரும், பிறகு சில வருடம் கட்டாயப் பணி. அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும்.

நம் ஊர் என்.சி.சி. நேவல் விங் அதிகாரிப் பதவிக்கான உத்தரவாதம் அல்ல, ஆனால் நல்ல ஏணி. படகு வலித்தல், கப்பல் மாதிரி செய்தல், கொடிச் சைகை, துப்பாக்கி சுடுதல், 10 நாள் முகாம். 'பி' சான்றிதழுக்கு இரண்டு வருடம், 'சி'க்கு மூன்று. எஞ்சினியரிங் முடித்தவர்களுக்கான, யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வு வழிச் சேர்க்கையில் நேவல் விங் 'சி' சான்றிதழ் உள்ளவர்களுக்குத் தனி இடங்கள் உண்டு. அணிவகுப்புக்கு வருகை 75 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வே எழுத முடியாது. இதைப் பெற்றோர்தான் கவனிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணங்களுக்கெல்லாம் பிள்ளையை இழுத்துக்கொண்டு போவது நாம்தானே.

எஸ்.எஸ்.பி.க்குக் கோச்சிங் அனுப்ப வேண்டுமா? கூடவே நானும் போகலாமா?
– ஒரு தாய், செங்கோட்டை

கூடப் போகாதீர்கள். ரயிலேற்றி விடுங்கள், போதும். கடற்படைத் தேர்வு வாரியங்கள் பெங்களூரு, போபால், கொல்கத்தா, விசாகப்பட்டினம் போன்ற இடங்களில் இருக்கின்றன. ஒரு வகைச் சேர்க்கைக்கு முதல் முறை போகிறவருக்கு மூன்றடுக்கு ஏ.சி. ரயில் கட்டணம் திருப்பித் தரப்படும். டிக்கெட்டைத் தொலைக்காமல் வைத்திருக்கவும், பாஸ்புக் முதல் பக்க நகலைப் பையில் வைக்கவும் சொல்லுங்கள்.

திரும்பி வரும் டிக்கெட்டை ஐந்தாம் நாளுக்குப் போட்டு வைப்பது வழக்கமான தப்பு. முதல் நாளே பாதிக்கு மேல் வடிகட்டி அன்று மாலையே அனுப்பிவிடுவார்கள். தேறினால் ஐந்து நாள். அதிலும் தேர்வானால் மருத்துவப் பரிசோதனைக்கு இன்னும் சில நாள் ஆகும். திரும்பும் டிக்கெட்டை அங்கிருந்தே எடுக்கப் பணம் கொடுத்து அனுப்புங்கள்.

முதல் நாள், அறிவுத்திறன் சோதனையும் மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டிக் கதை எழுதச் சொல்லி விவாதிக்க வைப்பதும். அடுத்து மனநிலைச் சோதனைகள்: 12 படத்துக்கு 12 கதை, அதில் ஒன்று வெறும் வெள்ளைத் தாள், 15 விநாடிக்கு ஒன்றாகக் காட்டும் 60 வார்த்தைக்கு வாக்கியம், 30 நிமிடத்தில் 60 சூழ்நிலைக்கு என்ன செய்வாய் என்ற பதில். பிறகு மைதானத்தில் கயிறும் பலகையுமாகக் குழு வேலை, ஒரு நேர்காணல், கடைசியில் தேர்வுக் குழு முழுவதின் முன் 'கான்ஃபரன்ஸ்' என்னும் சந்திப்பு.

கோச்சிங்கில் ஒரு வாரம் போய் இந்த முறையைப் பழகிக்கொள்வதில் தவறில்லை. கதையை மனப்பாடம் செய்ய வைக்கும் இடத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள். கிணற்றில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றி, ஊரைத் திரட்டி, கலெக்டரிடம் விருது வாங்கும் கதையை, அதை மதிப்பிடும் உளவியலாளர் ஒரே நாளில் எத்தனை பேரிடம் படிப்பாரோ. நேர்காணல் செய்பவரோ "அந்தக் கிணறு எத்தனை அடி? தண்ணீர் எத்தனை அடி? கயிறு எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார்.

வீட்டில் செய்யக்கூடியது வேறு. ஆறு மாதத்துக்கு ஒரு நிஜப் பொறுப்பைக் கொடுங்கள்: கரண்ட் பில், ரேஷன், தோட்டத்துக் கூலிக் கணக்கு, தங்கையின் பள்ளிச் சேர்க்கை. தப்பு செய்தால் நீங்கள் குறுக்கே விழாமல் அவனே சரி செய்யட்டும். "உங்க அப்பாவின் மாதச் செலவு என்ன? ஊரில் என்ன விளைகிறது, என்ன விலை?" என்று நேர்காணலில் கேட்பார்கள். பதில் தெரியாத பிள்ளைகள் நிறைய, ஏனென்றால் நாம் சொல்வதில்லை.

ஜனவரியில் சேர வேண்டும், மூன்று மாதம் இருக்கிறது. உடம்பைத் தயார் செய்ய என்ன செய்வது? நீச்சல் கிணற்றில் கற்றது போதுமா?
– ஒரு மாணவனின் அண்ணன், கோவிந்தாபுரம்

சேரும்போது இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு இது: 2.4 கி.மீ. ஓட்டம் 15 நிமிடத்துக்குள், புஷ்–அப் 20, சிட்–அப் 20, சின்–அப் 8, கயிறு ஏற்றம் 3–4 மீட்டர். அங்கே போய் முதல் வாரம் தூக்கமில்லாமல் இதைச் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், வீட்டில் 2.4 கி.மீ.யை 11–12 நிமிடத்தில் ஓடப் பழகட்டும்.

முதல் இரண்டு வாரம் 30 நிமிடம் நடையும் ஓட்டமும் மாறி மாறி, வாரம் நான்கு நாள். ஆறாவது வாரம் நிற்காமல் 3 கி.மீ. அதன் பிறகுதான் வேகம். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது. தார் ரோட்டில் ஓடாமல் வரப்பு ஓரத்து மண் பாதையிலோ பள்ளி மைதானத்திலோ ஓடட்டும். திடீரென்று தூரம் கூட்டினால் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் நுண்விரிசல் விழும். பயிற்சியில் ஒரு டெர்ம் (ஆறு மாதப் பருவம்) இழக்கப் பெரிய காரணங்களில் ஒன்று அது. எலும்பு நெடுக மந்தமாக வலித்து ஓய்வில் குறைந்தால் பெரும்பாலும் தசை. ஒரே இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் துள்ளுகிறது, இரவிலும் வலிக்கிறது என்றால் ஓட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள்.

சின்–அப் ஒன்றுகூட வராதவன் ஸ்டூல் மேல் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேல் வைத்து, ஐந்து விநாடி எண்ணிக்கொண்டே மெல்லக் கீழே இறங்கட்டும். ஐந்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். நாலைந்து வாரத்தில் முதல் முழுச் சின்–அப் வந்துவிடும்.

கிணற்று நீச்சல்காரனுக்குத் தண்ணீர் பயம் கிடையாது. உயரத்திலிருந்து குதிக்கச் சொல்லும்போது அது பெரிய சொத்து. மோட்டார் மேடையிலிருந்து தொப்பென்று உட்கார்ந்த வாக்கில் விழும் பழக்கத்தை மட்டும் மாற்ற வேண்டும்: உடம்பு நேராக, கால்கள் சேர்ந்து, பார்வை முன்னால். நீச்சலில் குறை வேறு. கிணறு சின்னது, நான்கு வீச்சில் சுவர் வந்துவிடும்; தலையைத் தூக்கிக்கொண்டே நீந்துவான். தலை மேலே போனால் கால் கீழே இறங்கும், 20 மீட்டரில் மூச்சு வாங்கும். ஒரு மாதம் நீச்சல் குளத்தில் விட்டு, முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சை உள்ளேயே விட்டு, பக்கவாட்டில் திரும்பி இழுக்கப் பழக வையுங்கள். 50 மீட்டர் நிற்காமல் வந்தால் தைரியமாக அனுப்பலாம்.

மகன் சேர்ந்து மூன்று வாரம். நேற்று நான்கு நிமிடம் போன் பேசினான். "முடியலம்மா, கூட்டிட்டுப் போயிடு" என்று அழுதான். அவன் அப்பா கார் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன் என்கிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், வேலந்தாவளம்

காரை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு உட்கார்ந்து இதைப் படியுங்கள்.

முதல் டெர்மில் பிள்ளைக்குத் தனி நேரம் என்று ஒன்று கிடையாது. எங்கே போனாலும் ஓட்டம், நிமிடக் கணக்கில் உடை மாற்றம், தவறு ஒருவன் செய்தால் தண்டனை எல்லோருக்கும். அதை 'ரகடா' என்பார்கள். போன் கைக்கு வருவது எப்போதாவதுதான். வாரம் முழுக்க அடக்கியது அம்மா குரல் கேட்டதும் உடைகிறது. உங்களிடம் கொட்டிவிட்டு அவன் போய்த் தூங்கியிருப்பான். நீங்கள்தான் விடியும் வரை விழித்திருப்பீர்கள்.

"சரி, வந்துடு" என்று சொல்லாதீர்கள். மறுநாள் காலை ஓட்டத்தில் அந்த வார்த்தைதான் காதில் கேட்கும். "ஊர்ல மானம் போயிடும்" என்றும் சொல்லாதீர்கள். அடுத்த முறை நிஜமாகவே ஆபத்து வந்தாலும் மறைப்பான். "இந்த டெர்ம் முடியட்டும், லீவுல உட்கார்ந்து பேசலாம், அப்பவும் வேண்டாம்னா பார்க்கலாம்" என்று சொல்லலாம். பிறகு மூன்று கேள்வி: சாப்பாடு இறங்குகிறதா, தூக்கம் வருகிறதா, உடம்பில் எங்காவது வலியா? கால் வலி என்றால் உடனே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். சில வீடுகளில் கூரியரில் வலி மாத்திரை அனுப்புகிறார்கள். மாத்திரை வலியை மறைக்கும், எலும்பு விரிசல் உள்ளே பெரிதாகும்.

நாள் கணக்காகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, இருந்து என்ன பயன் என்று பேசுகிறான், அடிபட்டதைச் சொல்லப் பயப்படுகிறான் என்றால் அது களைப்பு அல்ல. அன்றே அவன் பிரிவுக்குப் பொறுப்பான டிவிஷனல் ஆபீசரைக் கூப்பிட்டு, கேட்டதை அப்படியே சொல்லுங்கள். சேரும்போது தந்த தாள்களில் எண் இருக்கும். எம்.எல்.ஏ. மூலம், தெரிந்த கர்னல் மூலம் என்று சுற்ற வேண்டாம். உங்கள் மனம் தாங்கவில்லையென்றால் அரசின் டெலி–மானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

கடிதம் எழுதுங்கள். போனைப் போல் நான்கு நிமிடத்தில் தீர்ந்துவிடாது, தலையணைக்கடியில் இருக்கும். எந்த மாடு கன்று போட்டது, எந்த மரத்தில் வண்டு விழுந்தது என்று சாதாரணச் செய்தி போதும். கடன் தகராறு, சொத்துச் சண்டை வேண்டாம். ஆனால் வீட்டில் ஒரு சாவு நடந்தால் மறைக்காதீர்கள். லீவில் வந்து வெற்றுக் கட்டிலைப் பார்க்கும் பிள்ளை அதை மன்னிப்பதில்லை.

என்ன செலவாகும்? பாண்டு எழுதித் தர வேண்டும் என்கிறார்களே, பாதியில் வந்துவிட்டால்?
– ஒரு தந்தை, ஊத்துக்கோட்டை

பயிற்சி, படிப்பு, புத்தகம், சீருடை, சாப்பாடு எல்லாம் கடற்படைச் செலவு. பி.டெக். பட்டம் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடையது. சேரும் நாளில் உடைகளுக்கும் கைச்செலவுக்கும் ஒரு தொகை கட்ட வேண்டும். அது சேர்க்கைக் கடிதத்தோடு வரும் தாளில் இருக்கும். என்.டி.ஏ.யில் மாதக் கைச்செலவு 3,000 ரூபாய்க்கு மேல் போகாது என்று அறிவிப்பே சொல்கிறது. பெற்றோரின் மாத வருமானம் 21,060 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் மாதம் 1,000 ரூபாய் அரசு உதவி உண்டு. மாவட்ட ஆட்சியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், ஆகவே தாசில்தாரிடம் வருமானச் சான்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பயிற்சி முடித்துச் சப் லெப்டினன்ட் ஆகும்போது அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், ராணுவப் பணி ஊதியம் 15,500 தனி.

பாண்டு உண்மைதான். பிள்ளை தானாக விலகினாலோ, தன் தவற்றால் நீக்கப்பட்டாலோ பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். நாள் ஆக ஆகத் தொகை ஏறும். அதனால் விலகுவது என்று நிஜமாக முடிவானால் இரண்டு வருடம் இழுத்துக்கொண்டிருப்பதில் லாபமில்லை. உடல்நிலையால் அனுப்பப்படுவது வேறு கணக்கு. கையெழுத்துப் போடும் முன் வக்கீல் ஒருவரிடம் படித்துப் புரிந்துகொள்ளுங்கள். பாண்டு மாதிரியில் உள்ள வாசகத்தை வார்த்தைக்கு வார்த்தை பத்திரத்தில் அடிக்க வேண்டும். தாலுகா ஆபீஸ் வாசலில் "நல்ல இங்கிலீஷில்" மாற்றி அடித்துத் தந்ததால் திருப்பி அனுப்பப்பட்ட பத்திரங்கள் உண்டு.

பாடத்திலோ உடற்தேர்வுகளிலோ தேறாமல் ஒரு டெர்ம் பின்னால் போடுவார்கள். 'ரெலிகேஷன்' என்று பெயர். ஆறு மாதம் போகும், வேலை போகாது. சொந்தக்காரர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மே மாதக் கடைசியில் மகனின் பாசிங் அவுட் பரேட். எப்படிப் போவது, என்ன கொண்டுபோவது?
– ஒரு தாய், திருத்தணி

பரேட் மே கடைசியிலும் நவம்பர் கடைசியிலும் நடக்கும். இறங்க வேண்டிய ஸ்டேஷன் பய்யன்னூர். உங்களுக்குக் காட்பாடியில் மங்களூர் மெயில் பிடிப்பது வசதி, அதே வண்டி பாலக்காடு வழியாகத்தான் போகிறது. குமரி எல்லைக்காரர்களுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஏறநாடு எக்ஸ்பிரஸ். முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். பள்ளி விடுமுறை என்பதால் மலபார் வண்டிகள் அன்றே நிரம்பும். பய்யன்னூரில் ரூமையும் அப்போதே போடுங்கள், நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே நாளில் வந்து இறங்கும்.

அழைப்பில் பெயர் உள்ளவர்களை மட்டும் அழைத்துப் போங்கள். சித்தப்பாவை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போவது மனக்கசப்பு. எல்லோரும் அசல் ஆதார் வைத்திருக்க வேண்டும், வண்டி எண்ணைக் கேட்டால் முன்னாலேயே அனுப்ப வேண்டும். பரேட் காலையில், மைதானம் கடலோரம், மே மாத வேக்காடு. பட்டுச்சேலையைவிடப் பருத்தி நல்லது. வயதானவர்களுக்குத் தொப்பியும் சர்க்கரை மாத்திரையும் கையில் இருக்கட்டும். எப்போது மழை கொட்டும் என்று சொல்ல முடியாது.

அணி கடைசியில் 'அந்திம் பக்' என்னும் படியைத் தாண்டிப் போகும். அதன் பிறகு பெற்றோர் இறங்கிப் போய்ப் பிள்ளையின் தோளில் பதவிப் பட்டை ஏற்ற வேண்டும். ஒரு தோள் அம்மாவுக்கு, ஒரு தோள் அப்பாவுக்கு. பாட்டியும் வருகிறார் என்றால் யாருக்கு எந்தத் தோள் என்பதை ரயிலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.